பதினெட்டில் வைத்த ஏசியும் என் பின்சில்லும்

எனக்குத் தலைச்சுற்று இருக்கிறது என்று எங்கள் வீட்டு ஹோலில் முடிவெடுக்கப்பட்டபோது நான் குளியலறையில் நின்று முழங்காலில் ஒட்டியிருந்த மணலைக் கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் வழக்கு முடிந்துவிட்டது. என் கணவர், அவருடைய தமக்கையான என் மச்சாள், தொலைபேசித் திரையில் மெல்பேர்னில் இருந்து மகன், மூன்று பேரும் காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள். சைக்கிளில் இருந்து விழுந்தேன் என்று மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன். ஏன் விழுந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அறுபதை எட்டப்போகும் ஒருத்தி சைக்கிளில் இருந்து விழுந்தால் பிழை அவளில்தான் இருக்கும், சைக்கிளில் இருக்காது என்பது அவர்களுடைய விஞ்ஞானம். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். அது யாருக்கும் ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

தீர்ப்பை இவர்தான் வாசித்தார். "நேற்று எனக்குக் கோயில் படியில கால் வழுக்கினது. இண்டைக்கு இவவுக்கு. வயசு போட்டுது, அவ்வளவுதான். இனி எங்கட கால் எங்கட சொல்லுக் கேளாது."

நேற்று என்றது விஜயதசமி. அன்று காலையில் இவர் நொண்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்து, கோயில் படி ஈரமாக இருந்தது என்று சொல்லித் தைலம் பூசிக்கொண்டு படுத்தார். நானும் பாவம் என்று இஞ்சிப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன்.

அந்தச் சைக்கிள் மகன் விட்டுப்போனது. மலைச் சைக்கிள் என்று சொல்லி வாங்கினான். தடித்த ரயர், முன்னுக்கு அமுங்கி எழும்பும் கால், பெடலில் சப்பாத்து வழுக்காமல் இருக்க வரிசையாக இரும்பு முள்ளுகள். இத்தனையும் வைத்துக்கொண்டு கொழும்பில் வெள்ளவத்தையில் இருந்து கொள்ளுப்பிட்டிக் கந்தோருக்கு வேலைக்குப் போய் வந்தான். வழியில் அவன் கண்ட மலை, வீதியின் வேகத்தடை மட்டும்தான். அவன் வெளிநாடு போன பிறகு நான் எடுத்தேன். காலை வெளிச்சம் வந்ததும் கீழே இறக்கி, ஒழுங்கையைக் கடந்து மரைன் டிரைவில் ஏறி, கடலை இடது பக்கத்தில் வைத்துக்கொண்டு கொள்ளுப்பிட்டி வரை போய்த் திரும்புவேன். ஒரு நாளில் என்னிடம் யாரும் ஒன்றும் கேட்காத நேரம் அது ஒன்றுதான்.

எங்கள் ஒழுங்கைப் பெண்களுக்கு இது பொறுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் மழையென்றும் வெயிலென்றும் பாராமல் சைக்கிளில் ரியூசனுக்குப் பறந்து திரிந்த அதே பெண்கள்தான். வெள்ளவத்தையில் ஃபிளாட் வாங்கி லிஃப்டில் ஏறியதும் அவர்களுக்குச் சைக்கிள் என்றால் என்னவென்றே மறந்துபோய்விட்டது. மீன் வாங்க முன் சந்திக்குப் போவதற்கும் ஓட்டோ பிடிப்பார்கள். பிறகு முழங்கால் நோகிறது என்று டொக்டரிடம் போவார்கள், அதற்கும் ஓட்டோதான். என்னைக் கண்டால், "என்ன ரீச்சர், இன்னும் ஓடுறியளோ" என்பார்கள். ஓடாமல் நிற்பதுதான் மரியாதை என்ற மாதிரி.

நான் விழுந்த விதத்தைச் சொல்லவேண்டும். ஒழுங்கை முடிந்து மரைன் டிரைவில் ஏறும் இடத்தில் ஒரு சின்ன ஏற்றம் இருக்கிறது. அதில் எழும்பி நின்று மிதித்தேன். காலுக்குக் கீழே இருந்த பிடி சட்டென்று இல்லாமல் போனது. ஏணியில் இல்லாத படியில் கால் வைத்த மாதிரி. பெடல் வெறுமனே சுற்றியது, சைக்கிள் முன்னேறவில்லை, நான் மட்டும் முன்னால் போனேன். கால் நழுவ, சுற்றி வந்த பெடல் முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடித்தது. இரும்பு முள்ளுகள் வரிசையாகக் குத்திய அடையாளம் ஒரே நேர்கோட்டில் புள்ளி வைத்ததுபோல் நின்றது. தலை சுற்றவில்லை. கண் இருளவில்லை. என் தலை அந்த நேரம் எவ்வளவு தெளிவாக இருந்தது என்றால், விழும்போதே செயின் கழலவில்லை என்பதைக் கவனித்தேன்.

இதைச் சொன்னேன். மச்சாள் என் கையைத் தடவிவிட்டு, விழுகிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும் என்றா. அவ வாழ்க்கையில் சைக்கிள் சீற்றில் உட்கார்ந்தவ அல்ல.

டொக்டரிடம் கூட்டிப்போனார்கள். பிரஷர் கொஞ்சம் கூட என்று குளிசை எழுதினார். கூடாமல் என்ன செய்யும்? அதைக் கூட்டியவர் பக்கத்துக் கதிரையில் இருந்து எனக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மகன் அங்கிருந்து, ஓடாத சைக்கிள் ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னான். ஹோலில் வைத்து மிதிக்கலாமாம், விழமாட்டேனாம், ரீவியும் பார்க்கலாமாம். எவ்வளவு மிதித்தாலும் இருந்த இடத்திலேயே இருக்கும் வாழ்க்கை எனக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு ஒரு மெசின் தேவையில்லை என்று வாய்வரை வந்தது. பிள்ளை பணம் செலவழிக்க நினைக்கிறான் என்று விட்டுவிட்டேன்.

சைக்கிளைத் திருத்தக் கொடுத்துப் பார்க்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். இவர் பெருமூச்சு விட்டு, முன்சில்லைக் கழற்றிக் காருக்குள் போட்டு, மத்தியான வெயிலில் கொட்டாஞ்சேனைச் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. சைக்கிள் யாருடையது என்று இவரிடம் கேட்டார், எப்படி வழுக்கியது என்றும் இவரிடமே கேட்டார். விழுந்தவள் பக்கத்தில் நின்று சொன்ன பதிலையெல்லாம் இவர் முகத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். பிறகு சைக்கிளில் ஏறிக் கடைக்கு முன்னால் இரண்டு சுற்றுச் சுற்றினார். ஒன்றும் வழுக்கவில்லை. இறங்கி வந்து, "செயின் தேஞ்சு போச்சு சார். மேடம் பயந்து பயந்து மிதிக்கிறாங்க, அதுல கியர் உக்காரல" என்றார். புதுச் செயினும் பின்சில்லுக்குப் புதுப் பல்லுச்சக்கரமும் போட்டார். கடையில் எது விற்காமல் கிடந்ததோ அதுதான் சைக்கிளின் வருத்தத்துக்குக் காரணம்.

அடுத்த நாள் காலை யாருக்கும் சொல்லாமல் சைக்கிளைக் கீழே இறக்கினேன். கேற்றைத் தாண்டியதும் வழுக்கியது. இந்த முறை எதிர்பார்த்தே போனதால் மதிலைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் காவலாளி பார்த்துவிட்டார், நான் லிஃப்டில் மேலே வருவதற்குள் கதை எனக்கு முன்னால் வந்து ஹோலில் உட்கார்ந்திருந்தது. புதுச் செயினிலும் விழப்பார்த்தாள் என்றால் தலைச்சுற்று நிரூபணமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பாமன்கடையில் இருந்து மச்சாளின் மருமகன் வந்து சைக்கிளைக் கொண்டுபோவதாக ஏற்பாடு. என்னைக் கேட்காமல், எனக்கு நல்லதென்று.

ஞாயிறு வருவதற்குள் நான் பைத்தியமா சைக்கிள் பைத்தியமா என்று தெரியவேண்டியிருந்தது. எனக்கே சந்தேகம் வரத்தொடங்கியதுதான் கொடுமை. மாடிப்படியில் இறங்கும்போது கைபிடியைப் பிடித்துக்கொண்டேன். குளிசையைப் போட்டுவிட்டுக் கண்ணாடியில் என் கண்ணை நானே பார்த்தேன். நாலு பேர் சேர்ந்து ஒருத்தியைக் கிழவி என்று சொன்னால் அவளுக்கு முதுகு வளைய எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

இவர் காலை நடைக்குப் போன நேரம் படுக்கையறைக்குள் சைக்கிளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஆம், படுக்கையறை. எங்கள் தொடர்மாடிக் குழு கீழே சைக்கிள் விடக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, கார் உள்ளவர்களின் கண்ணுக்கு அழகில்லையாம். பல்கனியில் விட்டால் கடல் உப்பு ஒரு மாதத்தில் தின்றுவிடும். ஹோலில் விட முடியாது, அங்கே வராத விருந்தாளிகளுக்காக ஒரு சோபா செற் இருக்கிறது. ஆகவே சைக்கிள் படுக்கையறையில், அலுமாரிக்குப் பக்கத்தில், ஏசிக்கு நேர் கீழே நிற்கிறது. ஏசியை இவர் பதினெட்டில் வைப்பார். பிறகு இரண்டு போர்வை போர்த்துவார். கரண்ட் பில்லைக் கட்டிக் குளிரை வாங்கி, அதைப் போர்வையால் துரத்துகிற மனிதர்.

ரியூசன் பிள்ளைகளுக்காக வைத்திருந்த சோக்குக் கட்டியை எடுத்தேன். செயினில் ஒரு கோடு, அது உட்கார்ந்திருந்த பல்லில் ஒரு கோடு, பின்சில்லின் நடுவில் இருக்கும் ஹப்பில் ஒரு கோடு, மூன்றும் ஒரே வரிசையில். பின் பிரேக்கை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தேன். சில்லு அசைய முடியாது. மற்றக் கையால் பெடலை முன்னுக்கு அமத்தினேன். ஒழுங்கான சைக்கிள் என்றால் பெடல் கல்லு மாதிரி நிற்கவேண்டும். இது சுகமாகச் சுற்றி வந்தது. பார்த்தேன். செயின் கோடும் பல்லுக் கோடும் பிரியாமல் ஒன்றாகவே போயிருந்தன. ஹப்பின் கோடு மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. செயின் வழுக்கவில்லை, பல்லு வழுக்கவில்லை. பல்லுச்சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில், உள்ளே இருப்பதுதான் பிடிக்கவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று மகனுக்குத் தெரியாது, யூடியூபுக்குத் தெரிந்திருந்தது. சின்னச் சின்ன நகம் போன்ற இரும்புகள் இருக்கும். நாங்கள் மிதிக்கும்போது அவை வெளியே எழும்பி ஹப்பின் பற்களைப் பிடிக்கும். மிதிக்காமல் விட்டால் படுத்துக்கொள்ளும், அப்போதுதான் அந்தக் கிறுகிறு சத்தம் கேட்கும். அந்த நகங்கள் எழும்பாவிட்டால் சைக்கிள் ஓடாது. எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. விழுந்த நாளிலிருந்து காலையில் அந்தச் சத்தமே கேட்கவில்லை.

தரையில் உட்கார்ந்து சிரித்தேன். தலைச்சுற்று ஹப்புக்குத்தான்.

ஆனால் மத்தியானம் இன்னொருமுறை நிச்சயப்படுத்துவோம் என்று பல்கனியில் வைத்து அமத்தினால் பெடல் கல்லு மாதிரி நின்றது. சில்லைச் சுழற்றினால் கிறுகிறு என்று அழகாகச் சத்தம் போட்டது. கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவருக்கு முன்னால் அது உண்மையிலேயே வழுக்கவில்லை. அடுத்த நாள் காலை அறைக்குள் பார்த்தேன், வழுக்கியது. பகல் பல்கனியில் பார்த்தேன், பிடித்தது. காலையில் கெட்டு மத்தியானம் நல்லதாகிற இரும்பை நான் கேள்விப்பட்டதில்லை. அன்று அறையைக் கழுவவேண்டும் என்று சாட்டுச் சொல்லி இரவு சைக்கிளை ஹோலில் விட்டேன். காலையில் எழும்பியதும் அமத்தினேன். பிடித்தது. அடுத்த இரவு திரும்ப அறைக்குள், ஏசிக்குக் கீழே. காலையில் வழுக்கியது. பிழை காலைநேரத்தில் இல்லை, குளிரில் இருந்தது.

கொண்டையூசியை நிமிர்த்தி, பல்லுச்சக்கரத்துக்குப் பின்னால் இருந்த இடுக்குக்குள் விட்டுக் கிளறி எடுத்தேன். நுனியில் மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. விரலில் வைத்துத் தேய்த்தேன். உருகித் தண்ணியாகிவிட்டது. முகர்ந்து பார்த்தேன்.

தேங்காய் எண்ணெய்.

எனக்கு முதல் நியமனம் மலைநாட்டில், பண்டாரவளைப் பக்கம். அங்கே காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கவேண்டும் என்றால் போத்தலை முதலில் வெயிலில் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கட்டியாக நிற்கும், ஈர்க்கால் கிளறித்தான் எடுக்கலாம். கொழும்பில் அது ஒருநாளும் நடக்காது. கொழும்பில் பண்டாரவளையை ஒருத்தர் பதினெட்டில் வைத்துத் தன் படுக்கையறைக்குள் உண்டாக்கினாலன்றி. அந்தக் கட்டிக்குள்தான் நகங்கள் எழும்பமுடியாமல் ஒட்டிக்கிடந்தன.

எண்ணெய் எப்படி அங்கே போனது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆயுதபூசை இவருடைய நாள். கார், கணினி, சோறு அவிக்கும் மெசின், ஏசி ரிமோட், எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைப்பார். இந்த வருடம் சைக்கிளையும் சேர்த்துக்கொண்டார். அதற்கு முதல்நாள் அவருடைய வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்திருந்தது, மெசின்களுக்குப் போடும் கிறீஸில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் கலக்கிறார்கள், சைவர்கள் கவனிக்கவேண்டும் என்று. எனக்கும் வாசித்துக் காட்டினார். நவராத்திரி ஒன்பது நாளும் முட்டைகூட உள்ளே வராத வீட்டில் கொழுப்புப் பூசிய சைக்கிளைச் சரஸ்வதிக்கு முன்னால் நிறுத்துவதா? பின்சில்லைக் கழற்றிப் பல்கனியில் வைத்துக்கொண்டு மண்ணெண்ணெயும் கையுமாக வெகுநேரம் இருந்தார். பிறகு குசினிக்கு வந்து தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கேட்டார். நான் கடலை தாளித்துக்கொண்டிருந்தேன், விளக்குக்கு என்று நினைத்துக் கொடுத்தேன். ஹப்பைச் சைவமாக்கினார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கோபத்தைவிட எனக்குச் சந்தோசம்தான் பெரிதாக இருந்தது, உண்மையைச் சொன்னால். என் கால் என்னுடைய கால்தான். என் தலை சரியாகத்தான் இருக்கிறது. இதை இவருக்கு முன்னால் வைத்து, இவர் வாயாலேயே ஒத்துக்கொள்ளச் செய்யவேண்டும் என்று ஞாயிறு காலைக்காகக் காத்திருந்தேன்.

ஞாயிறு இவர் எழும்பியதும், பல்லு விளக்கக்கூட விடாமல் சைக்கிளுக்கு முன்னால் கூப்பிட்டேன். "இஞ்சாருங்கோ, பிரேக்கைப் பிடிச்சுக்கொண்டு இந்தப் பெடலை ஒருக்கா அமத்திப் பாருங்கோ" என்றேன்.

இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். பிரேக்கைப் பிடித்தார். பெடலில் கை வைக்கப்போனவர், அதற்கு முதல் தன் வலது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பெடல் சுற்றி வந்தால் எந்த இடத்தில் அடிக்கும் என்று தெரிந்த காலின் பயம் அது. இன்னும் பெடலைத் தொடவே இல்லை.

நான் அந்தக் காலைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே, எலும்பின்மேல், வரிசையாகப் புள்ளிகள். காய்ந்து கறுத்திருந்தன. நான் என் சோட்டியைக் கொஞ்சம் உயர்த்தி என் காலை அவர் காலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதே இடம், அதே வரிசை, அதே இடைவெளி. கோயில் படிக்கு இரும்பு முள்ளு கிடையாது.

"எப்ப விழுந்தனீங்கள்?"

சில்லைப் பார்த்துக்கொண்டே, "விஜயதசமிக்கு" என்றார். நல்ல நாளில் உடற்பயிற்சி தொடங்குவோம் என்று, நான் குளிக்கும் நேரம் சைக்கிளைக் கீழே கொண்டுபோனாராம். ஒழுங்கை முனைக்குப் போகமுதலே விழுந்தாராம். யாரும் பார்க்கவில்லையாம். அதைச் சொல்லும்போதும் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

விஜயதசமிக்கு அடுத்த நாள் நான் விழுந்தேன். முதல்நாளே இவருக்குத் தெரியும். நான் சப்பாத்துப் போடும்போது கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார், போய்வாரும் என்றும் சொன்னார். கவனம், வழுக்குது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மரைன் டிரைவில் பஸ் வருகிற நேரமாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? தலைச்சுற்று என்று சொன்ன முதல் வாயும் அந்த வாய்தான். டொக்டரிடம் எனக்காகப் பதில் சொன்னது, நான் குளிசை விழுங்கும்போது தண்ணி எடுத்துத் தந்தது, எல்லாம் தெரிந்துகொண்டு.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"வெக்கமா இருந்தது" என்றார். அது காரணம் என்றுதான் அவர் நினைத்தார். சொல்லிவிட்டு எழும்பி முகம் கழுவப் போனார்.

மச்சாளின் மருமகன் வந்தார், பிளேன்டீ குடித்தார், சைக்கிள் இல்லாமல் போனார். மச்சாளுக்கு இவர் போன் எடுத்து, பிழை சைக்கிளில்தானாம், ஹப்பாம், இவவே கண்டுபிடித்தாவாம், சரியான கெட்டிக்காரி என்று பெருமையாகச் சொன்னார். தேங்காய் எண்ணெயைப் பற்றிச் சொல்லவில்லை. தன் காலைப் பற்றியும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னாலும், பாவம், அந்த மனுசனுக்கு எவ்வளவு நொந்திருக்கும் என்றுதான் மச்சாள் கேட்டிருப்பா.

பின்சில்லை நானே கழற்றினேன். இடுக்கால் மண்ணெண்ணெய் விட்டு விட்டு, வெள்ளை போய்த் தெளிவாக வரும்வரை கழுவி, தையல் மெசின் எண்ணெய் சில துளி விட்டேன். அதில் எந்த மிருகத்தின் கொழுப்பு இருந்தாலும் எனக்குச் சம்மதம். இப்போது காலையில் ஒழுங்கை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கிறுகிறு என்று போகிறது. சைக்கிள் ஹோலில், சோபாவுக்கு முன்னால் நிற்கிறது. வருகிறவர்கள் சுற்றிப்போய் உட்காரட்டும்.

நானும் ஹோலில்தான் படுக்கிறேன், ஃபானைப் போட்டுக்கொண்டு, பாய் விரித்து. ஏன் என்று இவர் ஒருநாள் கேட்டார். ஏசிக் குளிர் இப்போது மூட்டுக்கு ஒத்துக்கொள்வதில்லை, வயசு போட்டுது என்றேன். உடனே நம்பிவிட்டார்.